இடப்பக்கம் திருகும் மரை

வேன்காரர் ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு பட்டறைக்குள் வந்ததும் கேட்டது ஒரே கேள்விதான்: அந்தச் சக்கரத்தை மாட்டியது யார்?

பட்டறைக்காரர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டார், உட்காரச் சொன்னார், கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். முழங்காலில் இரும்பு வைத்திருக்கிறார்கள், இனிமேல் மடங்காது என்றார் வேன்காரர். உட்காராமலே மறுபடியும் கேட்டார். மாட்டியது யார்?

சுவரோரம் குனிந்து பேரிங்குக்குக் கிரீஸ் அடைத்துக்கொண்டிருந்த தம்பி மனைவியைப் பட்டறைக்காரர் தாடையால் காட்டினார். கழன்று ஓடிய இடது சக்கரம் அவள் கை வைத்தது என்றார். தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த நேரம், அவளுக்கும் மனசு ஓரிடத்தில் இல்லை, இப்போது அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான், யாரைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது என்றார்.

அவள் நிமிர்ந்தாள். கிரீஸ் அடைத்தது நான்தான் என்றாள். மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டபோது நட்டைக் கையால் மட்டும் ஏற்றி வைத்துவிட்டு, இறுக்கி வாஷர் காதை மடக்கிவிடுங்கள் என்று அத்தானிடம் சொல்லிவிட்டுப் போனேன் என்றாள். நட்டுக்குப் பின்னால் தகடு போல ஒரு வாஷர் இருக்கும். அதன் காதை உளியால் மடக்கி நட்டின் முகத்தோடு படிய வைத்தால்தான் ஓடும்போது நட்டு தானாகச் சுழலாது. விபத்துக்குப் பிறகு அந்த வாஷரை நான் பார்த்தேன், காது நிமிர்ந்தே நிற்கிறது, உளி பட்ட தடமே இல்லை என்றாள்.

பட்டறைக்காரர் சிரித்தார். வேலையாட்களுக்கும் கேட்கும்படி குரலை உயர்த்திச் சொன்னார்.

"புருஷன் போன துக்கத்துல நட்டு கழண்டு போச்சு, அண்ணே. எந்த நட்டுன்னு நீங்களே புரிஞ்சுக்கங்க."

வேலையாட்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வேன்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஊன்றுகோலை ஊன்றித் திரும்பிப் போனார்.

அலுவலக அறையின் வாசற்படியில் பட்டறைக்காரரின் மகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது பதினான்கு வயது. சக்கரம் மாட்டிய நாளிலும் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தாள். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, யாரிடமோ வாய்விட்டுப் பேசிச் சிரித்தபடி அப்பா ஒற்றைக் கையால் அந்த நட்டை இறுக்கியதைப் பார்த்திருந்தாள். உளியை அவர் எடுக்கவே இல்லை. இப்போது சித்தியின் பார்வை நேராக அவளிடம் வந்தது. அவள் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

சித்தி கையைக் கழுவினாள். பழைய சாமான் டப்பாவிலிருந்து அந்த வாஷரைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். சுவர் ஆணியில் தொங்கிய, நட்டைக் கவ்வித் திருப்பும் பெரிய சாக்கெட்டை எடுத்துத் துணியில் சுற்றினாள். சிற்றப்பா கடைசல் பட்டறையில் நின்று தானே கடைந்து செய்தது அது. அந்த வேன் சக்கரத்தின் நட்டுக்குச் சரியாக உட்காரும். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே போனவள், ஏழு வருஷம் அந்தப் பட்டறை இருந்த தெருப்பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

அந்த வார்த்தை மட்டும் அவளுக்கு முன்னால் ஊரைச் சுற்றிவந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் லாரி ஷெட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, அங்கே இருந்தவர்கள் அவளைப் பார்ப்பதற்கு முன்பே 'நட்டு வருது' என்று பேசிக்கொண்டார்கள். முதல் ஆறு மாதம் டயருக்குக் காற்றடிக்க விட்டார்கள். பிறகு ஒரு நாள், நாலு பேர் தொங்கியும் அசையாத, லாரிச் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் ஒன்றை அவள் தனியாளாகக் கழற்றி வைத்தாள். அதிலிருந்து அந்த ஷெட்டில் சக்கரம் சம்பந்தப்பட்ட எதுவும் அவளைக் கேட்காமல் நடப்பதில்லை. பெயர் என்னவோ மாறவில்லை. மரியாதைக்காக ஒரு 'அக்கா' மட்டும் சேர்ந்துகொண்டது: நட்டக்கா.

அவளுடைய ஒற்றை அறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓர் ஆணி. அதில் காது நிமிர்ந்த அந்த வாஷர் தொங்கியது. காலையில் தலை வாரும்போதெல்லாம் பார்த்துக்கொள்வாள். மற்றவர்கள் துக்கத்தை ஆற்றிக்கொள்வது போல அவள் ஆத்திரத்தை ஆறாமல் பார்த்துக்கொண்டாள்.

மகள் வளர்ந்தாள். கல்லூரி முடித்து, ஆங்கிலக் கடிதங்களைத் தமிழிலும் தமிழ்க் கடிதங்களை ஆங்கிலத்திலும் மாற்றித் தரும் அலுவலக வேலையில் சேர்ந்தாள். வாய் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று கேட்கிற அளவுக்குப் பேச்சு குறைவு. வீட்டுக்குத் தெரியாமல் மாதத்தில் ஒரு முறை சித்தியைப் பார்க்கப் போவாள். அன்றைக்கு ஏன் குனிந்துகொண்டாய் என்று சித்தி ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று மகளுக்குத் தோன்றும்.

அதற்குப் பதிலாக, வெங்காயம் நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, அத்தானை என்னென்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொண்டிருப்பாள் சித்தி. பட்டறையைக் கொளுத்துவது, பெயர்ப்பலகையில் தார் பூசுவது எல்லாம் முதல் இரண்டு வருஷத்தோடு போய்விட்டன. நாளாக நாளாகத் திட்டம் சுருங்கி, கூர்மையாகி, கடைசியில் ஒன்றே ஒன்றில் வந்து நின்றது. அன்றைக்கு அவர் சொன்னதை அவர் வாயாலேயே திரும்ப எடுக்க வைக்க வேண்டும். அதுவும் வேன்காரரின் காதில் விழும்படி.

"சும்மா சொல்லமாட்டார். மாட்டிக்கணும். மாட்டுவார், பார்த்துட்டே இரு" என்பாள்.

மாட்டினார்.

வேன்காரர் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கக் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறவர். வேன் முப்பது வருஷத்துப் பழசு. விபத்துக்குப் பிறகும் அவர் பட்டறையை மாற்றவில்லை. தப்பு செய்தவளைத்தான் அனுப்பிவிட்டார்களே என்ற எண்ணம். ஒரு புதன்கிழமை, பின்பக்க வலது சக்கரம் ஊளையிடுகிறது என்று வந்து நின்றார். பேரிங் தேய்ந்திருந்தது. சனிக்கிழமை வண்டிக்குத் தகுதிச் சோதனை. இந்த வயசு வண்டிக்கு மறு வாய்ப்பு கிடையாது. தோற்றால் நேராக உடைக்கிற இடத்துக்குத்தான் போகும்.

அச்சுத்தண்டை உருவுவது வரை எல்லாம் சுலபமாக நடந்தது. உள்ளே ஹப்பின் நடுவில் அந்தப் பெரிய நட்டு உட்கார்ந்திருந்தது. வாஷர் காதை நிமிர்த்தினார்கள். கடன் வாங்கிய சாக்கெட்டை மாட்டி, கம்பியைச் செருகித் தள்ளினார்கள். அசையவில்லை. எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊற வைத்தார்கள். அசையவில்லை. நெருப்பு காட்டிச் சிவக்க வைத்தார்கள். கம்பியின் மேல் ஆறடிக் குழாயைச் செருகி இரண்டு பேர் தொங்கினார்கள். மூன்றாவது ஆள் ஏறிக் குதித்தான். வேன்தான் கட்டையை விட்டு ஒரு விரல் நகர்ந்தது.

பட்டறைக்காரருக்கு வலது சக்கரத்தின் வழி தெரியாது. அவர் இஞ்சின் ஆள், வாய் ஆள். சக்கரங்கள் எப்போதும் தம்பியும் தம்பி மனைவியும் பார்த்தவை. வண்டியோடு வந்த பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று அலமாரியில் கிடந்தது. சாயங்காலம் மகள் வேலை முடிந்து வந்ததும் அதைத் தூசி தட்டி அவள் கையில் கொடுத்து, இதில் என்னதான் எழுதியிருக்கிறான் பார் என்றார்.

அவள் பக்கத்தைத் தேடிப் பிடித்து, மனசுக்குள் ஒரு முறை படித்துக்கொண்டு, தமிழில் சொன்னாள்.

"வலப்பக்க நட்டு, இடப்பக்கம் திருகுற மரைப்பா."

"அதானே. இடப்பக்கம்தானே திருகிட்டு இருக்கோம்" என்றார் அவர். பெருமையாக ஆட்களைப் பார்த்து, இன்னும் நீளமான குழாய் கொண்டுவரச் சொன்னார்.

வியாழக்கிழமை முழுதும் திருகினார்கள். வெள்ளிக்கிழமை காலை சாக்கெட் விரிந்து உடைந்தது. வேன்காரர் அதுவரை பொறுமையாக இருந்தவர், வண்டியைக் கட்டியிழுத்து வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் லாரி ஷெட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறேன், அங்கே சக்கரம் பார்க்கிற ஆள் இருக்கிறதாமே என்றார். அந்த ஆள் யார் என்று அவருக்குத் தெரியாது. பட்டறைக்காரருக்குத் தெரியும். முகத்தில் ஈயாடவில்லை. அன்று அலுவலகத்துக்கு விடுமுறை. மகளைத் தனியே கூப்பிட்டு, சித்தியிடம் போய் அந்தச் சாக்கெட்டை மட்டும் வாங்கி வா, ஆளைக் கூப்பிடாதே என்று சொல்லி அனுப்பினார்.

சித்தி சாப்பிட உட்கார்ந்திருந்தாள். மகள் சொன்னதைக் கேட்டுக்கொண்டே இரண்டு வாய் சாப்பிட்டாள். பிறகு, எந்தப் பக்கம் திருப்பினார்கள் என்று கேட்டாள்.

"புத்தகத்துல இடப்பக்கம் திருகுற மரைன்னு போட்டிருக்கு சித்தி. அப்படித்தான் திருகுறாங்க."

சித்தியின் கை தட்டிலேயே நின்றது.

"திருகுறதுன்னா? இறுக்கறதா, கழட்டறதா?"

மகள் கையைக் காற்றில் ஒரு பக்கம் திருப்பினாள். மறுபக்கமும் திருப்பினாள். குழாயை மூடவும் திருகுகிறோம், திறக்கவும் திருகுகிறோம். இரண்டு மொழியில் பிழைக்கிறவளுக்கு இது ஒரு நாளும் உறைத்ததில்லை. புத்தகம் சொன்னது இறுகும் திசையை. உலகத்து நட்டெல்லாம் வலப்பக்கம் இறுகும், இடப்பக்கம் கழலும். அந்த வண்டியின் வலது சக்கர நட்டு ஒன்றுதான் தலைகீழ். இடப்பக்கம் இறுகும், வலப்பக்கம் கழலும். அவள் சொன்னதில் பிழை இல்லை. அப்பா கேட்டுக்கொண்டதிலும் பிழை இல்லை. நடுவில் நின்ற ஒரு சொல்லுக்கு இரண்டு பக்கமும் முகம் இருந்தது.

"அப்போ, மூணு ஆம்பளைங்க, ரெண்டு நாளா, உயிரைக் குடுத்து அதை இறுக்கிட்டு இருக்காங்க" என்றாள் சித்தி.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஏழு வருஷத்தில் மகள் கேட்டிராத சிரிப்பு. புரையேறி, கண்ணில் தண்ணீர் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் எழுந்து நின்றுவிட்டாள். தப்பாகச் சொல்லிவிட்டேனே என்றாள். நீ எங்கே தப்பாகச் சொன்னாய், புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னாய் என்று சித்தி அவள் முதுகைத் தட்டினாள்.

பிறகு அவசரமே இல்லாமல் மீதிச் சோற்றைச் சாப்பிட்டாள். தட்டைக் கழுவினாள். துடைத்தாள். முகம் கழுவித் தலை வாரினாள். ஆணியில் தொங்கிய வாஷரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். சாக்கெட் என் கையை விட்டு வராது, அது போனால் நானும் போவேன் என்றாள். அங்கே காத்துக்கொண்டிருப்பார்களே என்று மகள் சொன்னதற்கு, காத்திருக்கட்டும், நான் ஏழு வருஷம் இருக்கவில்லையா என்றாள். வாய்க்கால் பாலத்தில் நின்று தண்ணீரை வேறு வேடிக்கை பார்த்தாள்.

அவளைக் கண்டதும் பட்டறையில் ஆட்கள் தாமாகவே விலகி வழிவிட்டார்கள். அவள் வேனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிடந்த டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்து, சாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வந்தது வந்துட்டே, ஒரு பார்வை பார்த்துடும்மா" என்றார் பட்டறைக்காரர்.

"பார்க்கலாம் அத்தான். வேன்காரரைக் கூப்பிடுங்க."

வேன்காரர் வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் இறுகியது, ஆனாலும் நின்றார். சித்தி பையிலிருந்து வாஷரை எடுத்துப் பட்டறைக்காரர் காலடியில் வைத்தாள்.

"இவர் ஏழு வருஷம் முன்னாடி உங்களை ஒண்ணு கேட்டார். நீங்க பதிலை மாத்திச் சொல்லிட்டீங்க. இப்போ சரியாச் சொல்லிடுங்க."

பட்டறைக்காரர் முதலில் சிரித்துப் பார்த்தார். பழைய கதை இப்போது எதற்கு, வேலையைப் பார் என்று அதட்டிப் பார்த்தார். செத்துப்போன தம்பியை இழுத்து, அவன் இருந்திருந்தால் இப்படிப் பேசுவாயா என்று கண்ணைக் கசக்கினார். இரண்டு பேரும் சேர்ந்துதானே மாட்டினோம் என்று பாதி இறங்கி வந்தார். அவள் துணியை உதறினாள். எழுந்து, சாக்கெட்டைத் துணியில் சுற்றத் தொடங்கினாள்.

வேன்காரர், பட்டறைக்காரர் காலடியில் கிடந்த வாஷரை ஊன்றுகோலால் தன் பக்கம் இழுத்து, குனிய முடியாமல், மகளைப் பார்த்தார். அவள் எடுத்துக் கொடுத்தாள். அந்த நிமிர்ந்த காதை அவர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"நீ உட்காரும்மா" என்றார் சித்தியிடம். பிறகு பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "சொல்லுய்யா."

பட்டறைக்காரர் ஆட்களைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். கடைசியில் மகளைப் பார்த்தார். அவள் இந்த முறை குனியவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது அவருக்கு அந்தக் கணம்தான் தெரிந்தது.

"நான்தான் மாட்டினேன். காதை மடக்கல. மறந்துட்டேன்."

அங்கே நிற்கிற ஆட்களுக்குக் கேட்கவில்லை என்றாள் சித்தி. அவர் மறுபடி சொன்னார். இது அவர்களுக்கு, எனக்கு ஒரு தடவை சொல்லுங்கள் என்றாள். அவர் மூன்றாம் தடவையும் சொன்னார். சித்தி கண்ணை மூடிக் கேட்டாள், பசித்தவள் சாப்பிடுவது போல.

"வாஷருக்குக் காது மடக்காம, ஊருக்கே காது குத்திட்டீங்களே அத்தான்" என்றாள்.

ஆட்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை யாரும் வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

வேன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. "என் காலைப் பார்த்துக்கிட்டேதானே தினமும் என்கூட டீ குடிச்சே" என்றார். வெளியே போய் நின்றுகொண்டார்.

மகள் நினைத்தாள், இதோடு சித்திக்கு மனசு ஆறிவிடும் என்று. சித்தி வேனைச் சுற்றித் தார்ப்பாயைக் கட்டச் சொன்னாள். எல்லாரும் வெளியே போக வேண்டும், அத்தான் உட்பட, விளக்குப் பிடிக்க இவள் மட்டும் போதும் என்றாள். தன் பட்டறையிலிருந்தே வெளியே அனுப்பப்பட்ட பட்டறைக்காரர் தெருவில், வேன்காரரை விட்டுத் தள்ளி, வேறு பக்கம் பார்த்து நின்றார்.

உள்ளே சித்தி முழங்காலிட்டாள். மூன்று பேர் இரண்டு நாள் இறுக்கிய இறுக்கம் லேசுப்பட்டதல்ல. நட்டின் ஒரு முகத்துக்கு மட்டும் தீ காட்டினாள். சூடு ஏறியதும் மெழுகுவர்த்தியை மரை விளிம்பில் ஒற்றினாள்; மெழுகு உருகி உள்ளே இழுத்துக்கொண்டது. சாக்கெட்டை மாட்டி, அதன் தலையில் சம்மட்டியால் நேராக நாலு அடி அடித்தாள். துருவுக்குத் தூக்கம் கலையட்டும் என்றாள். குழாயைச் செருகி வலப்பக்கம் அழுத்தினாள். வரவில்லை. மறுபடி சூடு, மறுபடி மெழுகு, மறுபடி அடி. மூன்றாவது தடவை குழாயின் நுனியில் முழு உடம்பையும் சாய்த்தபோது எலும்பு முறிவது போல ஒரு சத்தம் கேட்டது. சித்தி பதறி விழவில்லை. குழாயை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்புறம் விரலாலேயே சுழற்றி எடுத்தாள்.

ஹப் அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் அடம் பிடித்தது. பேரிங்கின் உள்வளையம் வெந்து நீலம் பாரித்து அச்சோடு ஒட்டியிருந்தது. ஹப்பைப் பிடித்து இழுக்கும் மூன்று கால் புல்லரை மாட்டி, நடுத் திருகை இறுக்கி, அதன் தலையில் ஒரு தட்டு. கொஞ்சம் இறுக்கி, மறுபடி ஒரு தட்டு. மயிரிழை மயிரிழையாக நகர்ந்து ஹப் அவள் மடியில் வந்து விழுந்தது. புதுப் பேரிங்குக்கு உள்ளங்கையில் வைத்துக் கிரீஸ் அடைத்தாள். மாட்டினாள். இடப்பக்கம் திருப்பி இறுக்கினாள். உளியை வைத்து இரண்டே தட்டில் வாஷர் காதைப் படிய வைத்தாள். இடது சக்கரத்துக் காதையும் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தார்ப்பாயை விலக்கியபோது தெருவில் பாதிப் பேர் கூடியிருந்தார்கள். பட்டறைக்காரர் வேகமாக உள்ளே வந்து நட்டைக் குனிந்து பார்த்தார், தொட்டுப் பார்த்தார். அவரும் அவர் ஆட்களும் தொங்கிய அதே நட்டு. எப்படி என்று அவளைக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. வேன்காரர் வண்டியை எடுத்துத் தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தார். ஊளை இல்லை. ஜன்னல் வழியாகச் சித்தியைப் பார்த்து, நாளைய சோதனை முடிந்ததும் இனி லாரி ஷெட்டுக்கே வந்துவிடுகிறேன் என்றார். எங்கள் ஷெட் முதலாளி வேன் எடுக்க மாட்டார், பரவாயில்லை, உங்களுக்காக எடுக்கச் சொல்கிறேன் என்றாள் அவள், பட்டறைக்காரருக்குக் கேட்கும்படி.

மகள் வாய்க்கால் பாலம் வரை அவளோடு நடந்தாள். சாக்கெட் சித்தியின் கக்கத்தில் இருந்தது. அன்றைக்கு நான் குனிந்திருக்கக் கூடாது என்று மகள் ஒருவழியாகச் சொன்னாள். ஆமாம், கூடாது என்றாள் சித்தி. சாக்கெட்டை மறு கக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். பாலத்தின் பாதியில் நின்று, இந்த மாதிரி வண்டி இந்த ஊரில் இன்னும் எத்தனை ஓடும் என்று கேட்டாள். நாலைந்து இருக்கும் என்றாள் மகள். எல்லாம் அப்பாவிடம்தானே வரும் என்றாள் சித்தி. மகள் தலையாட்டினாள்.

"எப்படிக் கழட்டினேன்னு உங்கப்பா உன்னைக் கேட்பார். நீ பொய் எதுவும் சொல்ல வேண்டாம் கண்ணு. அந்தப் புத்தகத்தை எடுத்து இன்னொரு தடவை படிச்சுக் காட்டு. அன்னைக்குச் சொன்ன அதே வார்த்தையில."